சுழல் கம்பிக்கு முன்னால் அரை நிமிடம்: நியூயார்க் சுரங்க ரயிலில் புதிதாக ஏறுபவர்களுக்கு

பகல் நேரத்தில் ஏ வண்டி மன்ஹாட்டனின் 59ஆம் தெருவை விட்டு வடக்கே கிளம்பினால் அடுத்து நிற்பது 125ஆம் தெருவில்தான். நடுவில் ஏழு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றையும் அது சட்டை செய்வதில்லை. ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் ஒரே ஓட்டம்.

இந்த ஊருக்கு வந்த இரண்டாவது வாரம் 81ஆம் தெருவிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகக் கிளம்பினேன். நீல வட்டம் போட்ட வண்டி வந்தது, ஏறினேன். அது வேகம் எடுத்தது, எடுத்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து கதவருகே போய், ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த ஒரு மூதாட்டி என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, "உட்காருங்கள், இன்னும் நேரம் இருக்கிறது" என்றார். அவர் குரலில் பரிதாபமும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. தினமும் ஒருவரையாவது இப்படிப் பார்ப்பவர் போல.

இத்தனை ஆண்டுகளில் இந்த ரயிலில் நான் பட்ட எரிச்சல்களைக் கணக்குப் பார்த்தால், பாதிக்கு மேல் வண்டியில் ஏறுவதற்கு முன்பே தொடங்கியவை. நுழைவாயிலில் உள்ள சுழல் கம்பியைத் தள்ளுவதற்கு முன் அரை நிமிடம் நின்று படித்திருந்தால் அவை நேர்ந்திருக்காது. மீதிப் பாதியை யாராலும் தவிர்க்க முடியாது. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் கோபமாவது மிச்சமாகும்.

ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் சப்வே என்றால் மழைக்குத் தண்ணீர் தேங்கும் சாலைச் சுரங்கம். இங்கே சப்வே என்றால் ரயில். நகரின் மற்ற பகுதிகளான குவீன்ஸிலும் பிராங்ஸிலும் தலைக்கு மேல் இரும்புத் தூண்களில் தடதடத்து ஓடினாலும் அதன் பெயர் சப்வேதான்.

முதல் படி: பணம் கட்டுவது

இது எளிது, விரைவாக முடித்துவிடலாம். பழைய மஞ்சள் மெட்ரோகார்டை 2025ஆம் ஆண்டோடு விற்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது ஓம்னி. உங்கள் வங்கி அட்டையையோ போனையோ கைக்கடிகாரத்தையோ கருவியின் மேல் காட்டினால் போதும். அவை இல்லாதவர்கள் நிலைய இயந்திரத்தில் ஓம்னி அட்டை வாங்கிப் பணம் போட்டுக்கொள்ளலாம். 2026 ஜனவரி முதல் ஒரு பயணத்துக்கு 3 டாலர். ஒரு நிலையம் போனாலும் அதுதான், பிராங்ஸின் வட கோடியிலிருந்து கோனி ஐலண்ட் கடற்கரை வரை போனாலும் அதுதான். சென்னை மெட்ரோவில் பழகியவர்கள் வெளியே வரும்போது எங்கே அட்டையைக் காட்டுவது என்று தேடுவார்கள். தேட வேண்டாம், வெளியேறும்போது எதையும் காட்டத் தேவையில்லை.

முதல் முறை காட்டிய நேரத்திலிருந்து ஏழு நாளுக்குள் 35 டாலர் சேர்ந்துவிட்டால் அந்த வாரத்தின் மீதிப் பயணங்களுக்குக் காசு இல்லை. இதில் ஒரு பொறி உண்டு. ஒரே வங்கி அட்டையாக இருந்தாலும், காலையில் அட்டையைக் காட்டி மாலையில் போனைக் காட்டினால் இரண்டும் தனித்தனிக் கணக்கு. கைக்கடிகாரம் மூன்றாவது கணக்கு. மூன்றிலும் பாதிப் பாதி ஏறி, எதுவும் 35ஐ எட்டாமல் வாரம் முடிந்துவிடும். ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு அதையே காட்டுங்கள். ரயிலுக்கு அட்டையைக் காட்டிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் நகரப் பேருந்தில் ஏறினால் மறுகட்டணம் கிடையாது. அதற்கும் அதே அட்டையைக் காட்ட வேண்டும். 44 அங்குல உயரத்துக்குக் குறைந்த குழந்தைகள், பெரியவர் ஒருவருடன் மூன்று பேர் வரை, இலவசம்.

இரண்டாம் படி: எந்தப் படிக்கட்டில் இறங்குவது

புதிதாக வருபவர்களின் காசு கரையும் இடம் இது. சாலையோரம் ஒரு படிக்கட்டு தெரிகிறது, நிலையத்தின் பெயரும் சரியாக இருக்கிறது, இறங்கி அட்டையைக் காட்டி உள்ளே போகிறோம். அங்கே நிற்பது வடக்கே போகும் நடைமேடை. நமக்குப் போக வேண்டியது தெற்கு. எதிர் நடைமேடை கண்ணெதிரே, நான்கு தண்டவாளங்களுக்கு அப்பால் இருக்கிறது. போவதற்குத்தான் வழி இல்லை. வெளியே ஏறி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கப் படியில் இறங்கி, மறுபடி 3 டாலர்.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்றால், 1904 அக்டோபர் 27 அன்று திறந்த முதல் பாதையை ஆழத் தோண்டவில்லை. சாலையை வெட்டித் திறந்து, தண்டவாளம் போட்டு, மேலே மூடினார்கள். சாலைக்கும் நடைமேடைக்கும் நடுவில் ஒரு கூடம் கட்ட உயரம் இல்லை. எனவே பல சிறிய நிலையங்களில் அந்தந்தப் பக்கத்துக்கு அந்தந்தப் படிக்கட்டு. லெக்சிங்டன் அவென்யூவில் நம் ஊர் உணவகங்களும் மளிகைக் கடைகளும் நிறைந்த பகுதியைக் கறி ஹில் என்று செல்லமாக அழைப்பார்கள். அதற்கான நிலையம் 6ஆம் எண் வண்டி நிற்கும் 28ஆம் தெரு. அது 1904இல் திறந்த நிலையங்களில் ஒன்று. தோசை சாப்பிட்டுவிட்டு மந்தமாகக் கிளம்புபவர்கள் தவறான படியில் இறங்குவது அங்கே சகஜம்.

படிக்கட்டின் மேலே உள்ள பலகையைப் படியுங்கள். 'அப்டவுன்' என்றிருந்தால் தெரு எண் ஏறும் திசை, அதாவது வடக்கு. 'டவுன்டவுன்' என்றிருந்தால் தெற்கு. பெரும்பாலும் பக்கத்தில் புரூக்ளின் என்றும் போட்டிருக்கும். ஒரு திசை மட்டும் எழுதியிருந்தால் அந்தப் படி அந்தத் திசைக்கு மட்டுமே.

அட்டையைக் காட்டிய பிறகுதான் தவறு தெரிகிறதா? வெளியேறாதீர்கள். வந்த வண்டியில் ஏறி, பெரிய நிலையம் ஒன்றுவரை போய், அங்கே உள்ளுக்குள்ளேயே மறுபக்கம் மாறித் திரும்புங்கள். 28ஆம் தெருவில் வடக்குப் பக்கம் மாட்டிக்கொண்டால் கிராண்ட் சென்ட்ரல் வரை போய்த் திரும்பலாம். பத்து நிமிடம் போகும், 3 டாலர் மிஞ்சும்.

மூன்றாம் படி: வண்டியின் பெயர் நிறம் அல்ல

"நீல வண்டியில் வா" என்று யாராவது வழி சொன்னால் அவரும் புதியவர் என்று புரிந்துகொள்ளுங்கள். ஏ, சி, ஈ மூன்றும் நீலம். மூன்றும் மூன்று இடத்துக்குப் போகின்றன. என், க்யூ, ஆர், டபிள்யூ நான்கும் மஞ்சள். மன்ஹாட்டனுக்குள் எந்தச் சாலையின் அடியில் ஓடுகின்றன என்பதை மட்டுமே நிறம் காட்டும். ஆற்றைக் கடந்ததும் ஆளுக்கொரு திசை. எழுத்தும் எண்ணும்தான் பெயர்.

சில வண்டிகளுக்கு எண், சிலவற்றுக்கு எழுத்து என்பதும் காரணமில்லாமல் இல்லை. இது ஒரே நிறுவனம் கட்டிய ரயில் அல்ல. இரண்டு தனியார் கம்பெனிகளும், பிறகு நகராட்சியே கட்டிய ஒன்றும் சேர்ந்து, 1940இல் ஒரே குடும்பமானவை. மூத்த கம்பெனியின் வாரிசுகள்தான் எண் வண்டிகள். அவற்றின் பெட்டிகள் எழுத்து வண்டிகளின் பெட்டிகளைவிடக் குறுகலானவை. காலை எட்டரை மணிக்கு 4ஆம் எண் வண்டியில் முழங்கை மடக்கி நிற்கும்போது இந்த வரலாறு விலா எலும்பில் தெரியும்.

ஒரே பெயரில் பல நிலையங்கள் இருப்பதற்கும் அந்தக் கூட்டுக் குடும்பம்தான் காரணம். மன்ஹாட்டனில் மட்டும் 23ஆம் தெரு என்ற பெயரில் ஐந்து நிலையங்கள், ஐந்து வெவ்வேறு சாலைகளில். "23ஆம் தெருவில் இறங்கி நில், வருகிறேன்" என்று நண்பர் சொன்னால், எந்த வண்டியின் 23ஆம் தெரு என்று கேட்காமல் போனை வைக்காதீர்கள்.

நான்காம் படி: லோக்கலா, எக்ஸ்பிரஸா

அந்த மூதாட்டி என்னைப் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம் இதுதான். உலகின் பல நகரங்களில் சுரங்க ரயிலுக்குப் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு தண்டவாளங்கள். இங்கே முக்கியப் பாதைகளில் நான்கு. ஓரத்து இரண்டில் எல்லா நிலையங்களிலும் நிற்கும் லோக்கல், நடு இரண்டில் பெரிய நிலையங்களில் மட்டும் நிற்கும் எக்ஸ்பிரஸ். மன்ஹாட்டனில் 1, 6, சி ஆகியவை லோக்கல். 2, 3, 4, 5, ஏ, டி ஆகியவை எக்ஸ்பிரஸ்.

எந்த வண்டி எங்கே நிற்கும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்தின் பெயருக்கும் அருகில் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். அங்கே நிற்கும் வண்டிகள் அவை மட்டும்தான். கோடு அந்த நிலையத்தின் வழியாகப் போகிறது என்பதை வைத்து ஏறாதீர்கள். 81ஆம் தெருவின் பெயரருகே 'பி', 'சி' என்றுதான் இருந்தது. நான் கோட்டைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை.

7ஆம் எண் வண்டியில் இன்னொரு நுணுக்கம், நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது. குவீன்ஸில் ஜாக்சன் ஹைட்ஸ் போனால் வெண்டைக்காயிலிருந்து பட்டுப்புடவை வரை கிடைக்கும். 7இல் போனால் 74ஆம் தெரு - பிராட்வே நிலையத்தில் இறங்க வேண்டும். வட்டத்துக்குள் 7 என்று போட்டு வரும் வண்டி லோக்கல், அங்கே நிற்கும். சாய்சதுரத்துக்குள் 7 என்று போட்டிருந்தால் எக்ஸ்பிரஸ், நிற்காது. வாரநாள் காலையில் மன்ஹாட்டனை நோக்கியும் மாலையில் மறுமுனையான ஃப்ளஷிங்கை நோக்கியும் அந்த எக்ஸ்பிரஸ் ஓடும். அலுவலகம் விட்டு, கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கும் அதே நேரம். 61ஆம் தெரு உட்சைடில் நின்ற வண்டி, 74ஆம் தெருவின் கடைப் பலகைகளைக் கண்ணில் காட்டியபடியே தாண்டி, ஜங்ஷன் புலவார்டில் போய் நிற்கும். தவறாக ஏறிவிட்டீர்கள் என்று தெரிந்தால் குவீன்ஸ்போரோ பிளாசாவிலோ உட்சைடிலோ இறங்கி, பின்னால் வரும் லோக்கலைப் பிடியுங்கள். மன்ஹாட்டனிலிருந்து ஜாக்சன் ஹைட்ஸுக்கு நான் சொல்லும் வழி ஈ வண்டி. அது எக்ஸ்பிரஸாகவே வந்து அங்கே நிற்கிறது.

பிள்ளையாரைப் பார்க்க ஃப்ளஷிங் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. பௌன் தெருவிலுள்ள மகா வல்லப கணபதி கோயிலுக்கு 7இன் கடைசி நிலையமான மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்க வேண்டும். வட்டமோ சாய்சதுரமோ, இரண்டும் அங்கேதான் முடிகின்றன. கோயில் கேன்டீன் தோசையை நினைத்துக்கொண்டு தூங்கிப் போனாலும் தவறாது.

திசையும் வேகமும் சரியானாலும், கடைசி ஊரையும் ஒருமுறை பாருங்கள். ஏ வண்டி குவீன்ஸில் கிளை பிரிகிறது. கென்னடி விமான நிலையத்துக்குப் போக 'ஃபார் ராக்கவே' என்று நெற்றியில் எழுதிய ஏ வண்டியில் ஏறி ஹோவர்ட் பீச்சில் இறங்க வேண்டும். 'லெஃபர்ட்ஸ் புலவார்ட்' என்று எழுதிய ஏ வண்டியும் அதே நடைமேடையில் வரும், அதே நிறம், அதே எழுத்து. விமானத்தைத் தவறவிட அது ஒன்று போதும். ஏறிவிட்டவர்கள் பதற வேண்டாம். ராக்கவே புலவார்ட் நிலையம் வரை இரண்டும் ஒரே பாதை. அங்கே இறங்கி அடுத்ததைப் பிடிக்கலாம்.

ஐந்தாம் படி: தூணில் ஒட்டிய காகிதம்

இதுவரை சொன்னதெல்லாம் வாரநாள் பகலுக்குப் பொருந்தும். சனிக்கிழமை வந்தால் எல்லாம் மாறும்.

இந்த ரயில் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. கொரோனா காலத்தில், 2020 மே முதல் ஓராண்டு, பின்னிரவில் சில மணி நேரம் மூடினார்கள். மற்றபடி நள்ளிரவு மூன்று மணிக்கும் வண்டி உண்டு. உலகில் இப்படி ஓடும் பெரிய சுரங்க ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற ஊர்களில் இரவில் கதவைச் சாத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பழுது பார்ப்பார்கள். இங்கே சாத்துவதே இல்லை என்பதால், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுது பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குத் தோதான நேரம் இரவும் வார இறுதியும். ஆள் குடியிருக்கும் வீட்டில் வெள்ளையடிப்பது போன்ற வேலை. ஒரு தண்டவாளத்தில் ஆள் இறங்கியதும் அதில் ஓட வேண்டிய வண்டி பக்கத்துத் தண்டவாளத்துக்குப் போகும். லோக்கல் எக்ஸ்பிரஸாகும், எக்ஸ்பிரஸ் லோக்கலாகும். எஃப் வண்டி ஈ வண்டியின் பாதையில் ஓடும். சில நிலையங்களில் ஒரு திசைக்கு வண்டியே நிற்காது. பாதை முழுவதும் மூடியிருந்தால் மேலே சாலையில் ஷட்டில் பஸ். ஷட்டில் பஸ் என்ற சொல்லைப் பார்த்தால் பயணத்தோடு முக்கால் மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது என் சொந்தக் கணக்கு.

இவை போக, மாறாத விதிகள் சில: பி, டபிள்யூ இரண்டும் வார இறுதியில் ஓடுவதே இல்லை. பின்னிரவில் சி ஓடாது. அதற்குப் பதிலாக ஏ எல்லா நிலையங்களிலும் நின்று போகும். ஆக, 81ஆம் தெரு அருங்காட்சியகத்துக்கு நான் நள்ளிரவில் போயிருந்தால் ஏ வண்டியே நின்றிருக்கும். அருங்காட்சியகம்தான் திறந்திருக்காது.

மாற்றங்களைச் சொல்லும் அறிவிப்பு நிலையத்துக்குள் தூணிலும் படிக்கட்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கும். போன் செயலிகளும் காட்டும். ஆனால் அவசரத்தில் வழியை மட்டும் பார்த்துவிட்டு, மேலே சிறிய எழுத்தில் உள்ள எச்சரிக்கையைத் தாண்டிவிடுவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த விருந்தினர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு நடைமேடையில் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். ஊர்ப் பெருமை பேசிக்கொண்டே நின்றேன். வந்த சிறுவன் ஒருவன், நான் சாய்ந்திருந்த தூணைப் பார்த்துவிட்டு, "மாமா, இந்தப் பக்கம் இன்றைக்கு வண்டி இல்லையாம்" என்றான். காகிதம் என் தோளுக்கு மேலே, ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சனி, ஞாயிறு, இரவு பத்து மணிக்குப் பிறகு என்றால், அட்டையைக் காட்டுமுன் தூணைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வையுங்கள்.

ஆறாம் படி: நடைமேடையில் எங்கே நிற்பது

மஞ்சள் பட்டைக்குப் பின்னால் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. தூணையோ சுவரையோ ஒட்டி நில்லுங்கள். ஓரத்தில் நின்று எட்டிப் பார்ப்பதால் வண்டி சீக்கிரம் வருவதில்லை.

ஜி வண்டியில் ஏறுபவர்கள் நடுவில் நிற்க வேண்டும். அது நடைமேடையைவிட மிகவும் குட்டையானது. ஓரத்தில் நிற்பவர்கள் வண்டி வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒவ்வொரு நாளும் நடக்கும் ஓட்டப்பந்தயம். அது மன்ஹாட்டனுக்குள் போகவே போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரவில் தனியாகக் காத்திருப்பவர்களுக்கும் நடுப்பகுதியே நல்லது. கண்டக்டர் வண்டியின் நடுப்பெட்டியில் இருப்பார். நடைமேடையின் நடுவில் மேலே கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பலகை தொங்கும். அதன் கீழே நின்றால் கண்டக்டரின் ஜன்னல் உங்களுக்கு நேரே வந்து நிற்கும்.

என் அப்பா விழுப்புரத்தில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே வந்திருந்தபோது சுதந்திர தேவி சிலையைவிட அவரை அதிகம் கவர்ந்தது அந்தப் பலகைதான். வண்டி நின்றதும் கண்டக்டர் ஜன்னலைத் திறந்து, விரலை நீட்டி அந்தப் பலகையைச் சுட்டிக்காட்டுவார். காட்டிய பிறகுதான் கதவு திறக்கும். வண்டி சரியான இடத்தில் நிற்கிறது, எந்தப் பெட்டியும் சுரங்கத்துக்குள் இல்லை என்று தன் கண்ணாலும் கையாலும் உறுதி செய்துகொள்ளும் முறை. 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜப்பான் ரயில்காரர்களிடமிருந்து வந்த வழக்கம்.

"எங்களுக்குப் பச்சைக்கொடி, இவர்களுக்கு விரல்" என்றார் அப்பா. அடுத்த மூன்று வண்டிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மூன்று கண்டக்டர்களும் கையை நீட்டுகிறார்களா என்று பார்த்தார். நீட்டினார்கள். நான்காவது வண்டியில்தான் ஏறினோம்.

ஏழாம் படி: பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

நெரிசல் நேரம். வண்டி வருகிறது. எல்லாப் பெட்டிகளும் பிதுங்குகின்றன. ஒன்று மட்டும் காலியாக இருக்கிறது. புதியவர் முகத்தில் புன்னகை மலர்கிறது, அதை நோக்கி நடக்கிறார்.

போகாதீர்கள். எட்டு மில்லியன் பேர் வாழும் ஊரில் அதிர்ஷ்டம் உங்களுக்காக ஒரு பெட்டியை ஒதுக்கி வைக்காது. ஜூலை மாதம் என்றால் அதில் ஏசி வேலை செய்யவில்லை. மற்ற மாதங்களில் நாற்றம். கதவு மூடிய பிறகுதான் எது என்று தெரியும், அடுத்த நிலையம் வரை இறங்க முடியாது. பக்கத்துப் பெட்டிக்கு நடுக்கதவு வழியாகப் போகலாமே என்றால், ஓடும் வண்டியில் அது ஆபத்து, விதிப்படியும் தடை. நெரிசலான பெட்டியில் ஏறுங்கள். அங்கே இருப்பவர்கள் காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறார்கள்.

கோடையில் வண்டிக்குள் குளிரும், நடைமேடையில் வேகும். வண்டிகளின் ஏசி வெளியே தள்ளும் சூடு போக இடமில்லாமல் நிலையத்திலேயே தங்கிவிடுகிறது. சித்திரை வெயிலில் வளர்ந்த எனக்கே ஆகஸ்ட் மாத நடைமேடையில் மூச்சு முட்டும். தண்ணீர் பாட்டில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஏறும்போது கதவின் இரு பக்கமும் ஒதுங்கி, இறங்குபவர்களை விடுங்கள். ஏறியதும் உள்ளே நகருங்கள். முதுகுப் பையைக் கழற்றிக் காலடியில் வையுங்கள். கம்பியில் முதுகைச் சாய்க்காதீர்கள், அது ஐந்து பேர் பிடிப்பதற்கானது. "ஸ்டாண்ட் கிளியர் ஆஃப் தி க்ளோசிங் டோர்ஸ், ப்ளீஸ்" என்று ஓர் ஆண் குரல் ஒலிக்கும். சார்லி பெல்லெட் என்ற வானொலிக்காரரின் குரல் அது. அதைக் கேட்ட பிறகு கையை நுழைக்க வேண்டாம். கதவை ஒருவர் பிடித்தால் பின்னால் வரும் எல்லா வண்டிகளும் நிற்கும்.

வண்டி கிளம்பியதும் இளைஞர்கள் சிலர் பாட்டைப் போட்டுவிட்டு "ஷோடைம்!" என்று கத்தினால், கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். கம்பியில் தலைகீழாகத் தொங்கிச் சுழல்வார்கள். திறமைசாலிகள்தான், ஆனால் அவர்களின் ஷூ உங்கள் மூக்குக்கு நான்கு விரல் தூரத்தில் போகும். பிடித்திருந்தால் ஒரு டாலர் போடலாம், இல்லையென்றால் போனைப் பார்க்கலாம். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

எட்டாம் படி: சுரங்கத்தில் நின்றுவிட்டால்

நிற்கும். இது தவிர்க்க முடியாத பாதி. விளக்கு எரியும், ஏசி ஓடும், வண்டி மட்டும் இருட்டுக்குள் அசையாது. ஒலிபெருக்கி கரகரக்கும். 'முன்னால் வண்டி நெரிசல்' என்றால் சில நிமிடங்கள். 'பயணிக்கு உடல்நலக் குறைவு' என்றால் முன்னால் எங்கோ ஒரு வண்டியில் மருத்துவ உதவிக்குக் காத்திருக்கிறார்கள், பொறுத்திருங்கள். 'சிக்னல் கோளாறு' என்றால் புத்தகத்தை எடுங்கள்.

பல பாதைகளில் இன்னும் பழைய சிக்னல் முறைதான், சிலவற்றின் கருவிகள் 1930களைச் சேர்ந்தவை. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் வண்டி இருந்தால் அடுத்ததை வரவிடாமல் தடுக்கும் முறை. வண்டி அந்தத் துண்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் இடைவெளியைத் தாராளமாக விட வேண்டியிருக்கிறது. எல், 7 ஆகிய பாதைகளில் கணினி முறை வந்துவிட்டது. அங்கே வண்டிகள் நெருக்கமாக வருவதை நீங்களே உணரலாம்.

கதவைத் திறந்து இறங்க முயலாதீர்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் 600 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடும் மூன்றாவது இரும்பு இருக்கிறது. அவசர பிரேக்கை இழுத்தால் உதவி இன்னும் தாமதமாகும். நிலையங்களில் போனுக்கு அலைவரிசை கிடைக்கும், நடுச்சுரங்கத்தில் பெரும்பாலும் கிடைக்காது. எனவே வழியை ஏறுவதற்கு முன்பே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதமாகப் போய் மேலாளரிடம் விழிக்க வேண்டியதில்லை. ரயில் நிர்வாகத்தின் இணையதளத்தில் எந்த நாள், எந்த வண்டி, எத்தனை மணி என்று கொடுத்தால் தாமதத்தை உறுதி செய்து சான்று அனுப்புவார்கள். தேர்வுக்குத் தாமதமான மாணவர்களுக்கும் இது உதவும். நேர்காணலுக்கு மட்டும் சான்று பலிக்காது. அரை மணி நேரம் முன்னால் கிளம்பி, பக்கத்தில் ஒரு காபி குடித்துவிட்டுப் போங்கள்.

ஒன்பதாம் படி: பெட்டி படுக்கையும் குழந்தை வண்டியும்

472 நிலையங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கில்தான் லிஃப்ட். 2055க்குள் 95 சதவீத நிலையங்களில் வசதி செய்வதாக 2022இல் ஒரு வழக்கின் சமரசத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் குழந்தை அதற்குள் தன் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வரும். வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி உள்ள நிலையமா என்று பாருங்கள். அங்கேயும் லிஃப்ட் அன்றைக்கு வேலை செய்கிறதா என்று செயலியில் பாருங்கள். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்து வருபவர்களுக்கும் இதுவே. படியில் குழந்தை வண்டியோடு நின்றால் யாராவது ஒருவர், ஒரு சொல்லும் பேசாமல், முன்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போய்விடுவார். நன்றி சொல்வதற்குள் ஆள் இருக்க மாட்டார்.

பத்தாம் படி: வெளியே வந்ததும்

மேலே ஏறினால் நான்கு பக்கமும் ஒரே மாதிரிக் கட்டடங்கள். போனில் உள்ள நீலப் புள்ளி, சுரங்கத்திலிருந்து வந்த மயக்கத்தில் இங்கும் அங்கும் குதிக்கும். அதை நம்பி நடக்காதீர்கள். எண் தெருக்கள் உள்ள மன்ஹாட்டன் பகுதியில் அவென்யூ வழியே ஒரு தெரு நடந்து பெயர்ப்பலகையைப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் வடக்கே போகிறீர்கள், இறங்கியிருந்தால் தெற்கே. நிற்கும் இடத்திலேயே தெரிய வேண்டுமென்றால் கார்களைக் கவனியுங்கள். ஒருவழித் தெருக்களில் இரட்டை எண் தெருவில் பெரும்பாலும் கிழக்கே போகும், ஒற்றை எண் தெருவில் மேற்கே.

இதையெல்லாம் யோசிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். ஆகட்டும். ஆனால் படிக்கட்டு முடியும் இடத்தில் நின்று யோசிக்காதீர்கள். நான்கு அடி தள்ளி, சுவரோரமாக நில்லுங்கள். உங்களுக்குப் பின்னால் ஒரு ரயில் முழுக்க ஆட்கள் ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள்.